சுருள்பாசி நீலம் மங்கினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டத்தில் வீட்டுப் பின்கட்டில் தொட்டி வைத்துச் சுருள்பாசி வளர்த்து, அதிலிருந்து பலகாரத்தில் சேர்க்கும் நீலச் சாயம் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்த குடும்பங்களின் தொட்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்து வருகிறேன். எங்கே போனாலும் கோளாறு அதே ஐந்தாறு வகைதான். ஆனால் எல்லோரும் முதலில் கை வைப்பது செலவு அதிகமான இடத்தில். புது விதைப்பாசி வாங்குகிறார்கள், உரத்தை மாற்றுகிறார்கள், தொட்டியையே கழுவி ஊற்றுகிறார்கள். ஒரு வெப்பமானியும் நாலு கண்ணாடிப் போத்தலும் இருந்தால் முக்கால்வாசிக் கோளாறு வீட்டிலேயே பிடிபட்டுவிடும்.

சுருள்பாசி என்பது ஸ்பைருலினா. கண்ணுக்குத் தெரியாத நூல் மாதிரியான நுண்ணுயிர், நீலப்பச்சைப் பாசி வகை. அதிலிருக்கும் நீலத்துக்குப் பெயர் பைக்கோசயனின். அது ஒரு புரதம். முட்டை வெள்ளைக்கரு போலச் சூடு பட்டால் உருக்குலைந்துவிடும், திரும்பப் பழைய நிலைக்கு வராது. கீழே சொல்வதில் பாதி இதிலிருந்தே வருகிறது.

கையில் இருக்க வேண்டியவை: தண்ணீரின் புளிப்பு, காரத்தை அளக்கும் பிஎச் மீட்டர் (பிஎச் 7, 10 ஆகிய இரண்டு கரைசலிலும் சரிபார்த்தது), வெப்பமானி, குச்சி நுனியில் வெள்ளை மூடி ஒட்டிய அளவுகோல், வெள்ளை டிஷ்யூ, ஒரு நோட்டுப் புத்தகம். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர் யாராவது நுண்ணோக்கி பார்க்க விட்டால் இன்னும் நல்லது. குச்சியைத் தொட்டிக்குள் இறக்கினால் மூடி எத்தனை சென்டிமீட்டரில் மறைகிறதோ அதுதான் பாசியின் அடர்த்தி. மூன்று சென்டிமீட்டருக்குள் மறைந்தால் அறுவடைக்குத் தயார். ஐந்தாறைத் தாண்டியும் தெரிந்தால் பாசி மெலிந்திருக்கிறது.

அறிகுறி 1: தொட்டி மஞ்சளடிக்கிறது

கரும்பச்சையாக இருந்த தண்ணீர் இளம்பச்சையாகி, பிறகு மஞ்சளாகப் போகும். நீலம் எடுப்பவருக்கு இதுதான் பெரிய நஷ்டம். பாசிக்கு ஏதாவது குறைந்தால் அது முதலில் கரைத்துச் சாப்பிடுவது தன் நீலப் புரதத்தைத்தான். பச்சையம் அப்புறம்தான் குறையும்.

காரணத்தைப் பிரித்துப் பார்க்கப் போத்தல் சோதனை செய்யுங்கள். தொட்டித் தண்ணீரை நாலு தெளிவான போத்தல்களில் ஒரு லிட்டர் ஒரு லிட்டராகப் பிடியுங்கள். ஒன்றை அப்படியே நிழலில் வையுங்கள். இரண்டாவதில் 2.5 கிராம் சோடியம் நைட்ரேட் போட்டு அதே நிழலில் வையுங்கள். மூன்றாவதில் இரும்புக் கரைசல் விட்டு நிழலில் வையுங்கள். நாலாவது அப்படியே தொட்டிப் பக்கத்தில், தொட்டி வாங்கும் அதே வெயிலில் இருக்கட்டும். மூடியைத் தளர்வாக விட்டு, நாளைக்கு நாலைந்து தடவை குலுக்குங்கள். இரண்டு மூன்று நாளில் போத்தல்களை வெள்ளைத் தாள் முன்னால் வரிசையாக வைத்துப் பாருங்கள். எது தேறியது என்று கண்ணே சொல்லும்.

நிழலில் சும்மா வைத்தது தேறினால்: வெயில்தான் காரணம். அறுவடை முடிந்து மெலிந்த பாசி மேல் நேர் வெயில் விழுந்தால் மஞ்சளடிக்கும். நிழல்வலை கட்டுங்கள், பாசி அடர்ந்த பிறகு ஓரளவு விலக்கலாம். நீலம்தான் வேண்டும் என்றால் முழுவதும் விலக்கவே வேண்டாம். குறைந்த வெளிச்சத்தில் பாசி மெதுவாக வளரும், ஆனால் நீலம் கூடும். இதற்காகவே நான் எல்லோரிடமும் வலையைக் கழற்றாதீர்கள் என்று சொல்லி வருகிறேன்.

நைட்ரேட் போட்டது தேறினால்: நைட்ரஜன் தீர்ந்துவிட்டது. ஸரூக் ஊட்டநீர் என்று எல்லோரும் பின்பற்றும் 1966-ஆம் ஆண்டுக் கலவையில் லிட்டருக்குச் சோடியம் நைட்ரேட் 2.5 கிராம், ஆப்ப சோடா 16.8 கிராம். ஒவ்வொரு அறுவடையிலும் பாசியோடு நைட்ரஜனும் வெளியே போகிறது, அதைத் திரும்பப் போட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தோட்டத்து யூரியாவை அள்ளிக் கொட்ட வேண்டாம். காரத் தண்ணீரில் அது அம்மோனியாவாக மாறும், பிஎச் 10 பக்கத்தில் அந்த அம்மோனியாவே பாசியைக் கொன்றுவிடும். செம்பனைக்குப் போடும் கலப்பு உரமும் வேண்டாம். வாயில் போகிற பொருளுக்கு உணவுத் தரமோ ஆய்வகத் தரமோ உள்ள உப்புகள்தான் சரி, ஈப்போவில் இரசாயனப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும்.

இரும்பு போட்டது தேறினால்: இரும்பு குறைவு. லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் பெரஸ் சல்பேட் போதும். ஆனால் அதை நேராகக் காரத் தண்ணீரில் போட்டால் துருவாக அடியில் படிந்துவிடும், பாசிக்குக் கிடைக்காது. இரும்பைப் படியவிடாமல் பிடித்து வைக்கும் இடிடிஏ உப்போடு சேர்த்து நல்ல தண்ணீரில் முதலில் கரைத்து, பிறகு விடுங்கள்.

எதுவுமே தேறவில்லை என்றால்: பக்கத்தில் எப்போது களைக்கொல்லி அடித்தார்கள் என்று விசாரியுங்கள். தோட்டத்து ஓரத்தில் வீடு இருப்பவர்களுக்கு இது உண்மையான ஆபத்து. களைக்கொல்லிகளில் பல, செடியின் ஒளிச்சேர்க்கையைத் தாக்குபவை, பாசியும் அதே வழியில்தான் உயிர் வாழ்கிறது. பாராகுவாட் மலேசியாவில் 2020 தொடக்கத்திலிருந்து தடை, ஆனாலும் மற்ற மருந்துகள் காற்றில் வரத்தான் செய்கின்றன. தோட்டத்து மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) முன்கூட்டியே கேட்டு, மருந்து அடிக்கும் நாளில் தொட்டியை மூடி வைக்கலாம். மருந்து விழுந்த தொட்டியைக் காப்பாற்ற வழியில்லை. அந்தப் பாசியைச் சாப்பிடவும் கூடாது, விற்கவும் கூடாது. முழுவதும் கொட்டிவிட்டு, வீட்டுக்குள் தனியாக வைத்திருக்கும் விதைப்பாசியிலிருந்து தொடங்குங்கள். மருந்து விழவில்லை என்று உறுதியாகத் தெரிந்தும் தேறாவிட்டால், தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டம் இது.

அறிகுறி 2: தண்ணீரே நீலமாக இருக்கிறது, நுரை கட்டுகிறது

ஒரு அக்கா போனில், "தம்பி, தொட்டி ஓரமெல்லாம் நீலமா நிக்குது, நல்லா சாயம் இறங்குதுபோல, நல்லதுதானே?" என்றார். "நல்லதில்லக்கா, இன்னிக்கு அறுவடை பண்ணாதீங்க, டிஷ்யூ வச்சுப் பாருங்க" என்றேன்.

டிஷ்யூ சோதனை இதுதான். தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து வெள்ளை டிஷ்யூ மேல் விடுங்கள். பாசி நல்லபடியாக இருந்தால் நடுவில் பச்சைப் புள்ளி தங்கும், சுற்றிப் பரவும் ஈரம் நிறமில்லாமல் இருக்கும். பச்சைப் புள்ளியைச் சுற்றி வானநீல வளையம் பரவினால் பாசியின் உடல் வெடித்து நீலம் வெளியே கசிகிறது என்று அர்த்தம். சாயம் பாசிக்குள் இருக்கும்வரைதான் நமக்குச் சொந்தம். தொட்டித் தண்ணீரில் கலந்த பிறகு பிரித்தெடுக்கச் செலவு கட்டுப்படியாகாது.

இந்தப் பக்கம் முதல் காரணம் மழை. மத்தியான இடிமழை அரை மணி நேரம் கொட்டினால் உப்பு நீர்த்துப் போகும், பாசி அந்த அதிர்ச்சியில் வெடிக்கும். மட்டத்தை அளந்து பாருங்கள். ஒரு சதுர மீட்டர் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் பத்து லிட்டர் மழைத்தண்ணீர் சேர்ந்திருக்கிறது, அதற்கு ஆப்ப சோடா 168 கிராம் வேண்டும். நல்ல தண்ணீரில் கரைத்து, ஒரே மூச்சில் கொட்டாமல் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அக்டோபர், நவம்பர் மழைக்கு முன்னாலேயே பிளாஸ்டிக் கூரை போட்டுவிட்டால் இந்த வேலையே இல்லை.

மழை இல்லையென்றால் வெப்பமானியை மதியம் இரண்டு மணிக்கு இறக்குங்கள். 30 முதல் 37 டிகிரி வரை பாசிக்குப் பிடித்த சூடு. 40-ஐத் தொட்டால் பிரச்சினை. தகரக் கூரைக்குக் கீழே காற்றோட்டம் இல்லாத தொட்டியில் இது சாதாரணமாக நடக்கும். நிழல்வலையும், பக்கவாட்டில் காற்று போக வழியும் போதும்.

சூடும் சரி என்றால் பம்பைப் பாருங்கள். வேகமாகச் சுழலும் மின்பம்பின் இறக்கைகள் பாசி நூலைத் துண்டு துண்டாக வெட்டும். துடுப்புக் கலக்கியோ, காற்றுக் குழாயோ மென்மையானது.

அழுகல் வாசம் வந்தால் பரிசோதனை எதுவும் வேண்டாம். கொட்டுங்கள், தொட்டியைத் தேய்த்துக் காயவிடுங்கள்.

அறிகுறி 3: பச்சை நன்றாக இருக்கிறது, ஆனால் அறுவடைக்கு வடிகட்டும் துணியில் எதுவும் தங்கவில்லை

வேறு பாசி புகுந்திருக்கலாம். ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்து நிழலில் அசையாமல் வையுங்கள். சுருள்பாசி பெரும்பாலும் மேலே மிதந்து திரளும். திரளாமல் முழுவதும் பச்சையாகவே நின்றால் அது குளோரெல்லா மாதிரி உருண்டைப் பாசி. அதில் நீலம் கிடையாது. நுண்ணோக்கியில் சுருள் சுருளாகத் தெரியாமல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் சந்தேகமே இல்லை.

அடிப்படைக் காரணம் பெரும்பாலும் பிஎச் இறங்கியதுதான். 9-க்குக் கீழே போனால் கண்டதும் வளரும். 10 பக்கத்தில் நிறுத்தினால் சுருள்பாசிக்கு மட்டும் வசதி. இருக்கும் சுருள்பாசியை நைலான் துணியில் வடிகட்டி, ஊட்டநீரிலேயே அலசி, சுத்தமான தொட்டியில் மாற்றி விடுங்கள், உருண்டைப் பாசி துணி வழியாகப் போய்விடும். சில சமயம் நுண்ணோக்கியில் நூல்கள் தெரியும், ஆனால் சுருளாமல் நேராக இருக்கும். அதுவும் சுருள்பாசிதான், பழைய விதையில் அப்படி மாறும், வடிகட்டக் கஷ்டம். அப்போது புது விதை வாங்குவதே நல்லது.

ஒன்று மட்டும் கவனம். நீலப்பச்சை நிறத்தில் உருண்டைகள் கொத்துக் கொத்தாக, மேலே பெயின்ட் கொட்டின மாதிரி ஏடு கட்டினால், அது நச்சு உண்டாக்கும் வகையாக இருக்கலாம். அந்தத் தொட்டியின் அறுவடையை யாருக்கும் கொடுக்கக் கூடாது. மைக்ரோசிஸ்டின் நச்சுச் சோதனை வீட்டில் முடியாது, ஆய்வகத்துக்கு மட்டுமே முடியும்.

அறிகுறி 4: அடியில் வெள்ளைப் படிவு, பாசி கட்டி கட்டியாக

கிணற்றுத் தண்ணீர் பயன்படுத்துகிறீர்களா? கிந்தா பள்ளத்தாக்கு சுண்ணாம்புக்கல் பூமி, தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். சோடாவோடு சேர்ந்து அது வெள்ளையாகப் படியும், பாஸ்பேட்டையும் இழுத்துக்கொண்டு போகும். குழாய்த் தண்ணீருக்கோ மழைநீருக்கோ மாறுங்கள். குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துக் காற்று அடிக்க வேண்டும். படிவு இல்லாமல் கட்டி மட்டும் என்றால் கலக்குவது போதவில்லை, காற்றைக் கூட்டிப் பாருங்கள். தண்ணீரில் சிறு பூச்சிகள், புழுக்கள் நெளிந்தால் வலை கட்டுவதும், நுண்துளைத் துணியில் வடித்தெடுப்பதும் போதும். மருந்து மட்டும் அடிக்காதீர்கள்.

அறிகுறி 5: அறுவடை நன்றாக இருக்கிறது, சாறு மட்டும் பச்சையாகவோ சாம்பலாகவோ வருகிறது

போன் வருவதில் பாதி இதற்குத்தான். தொட்டியைக் குறை சொல்வதற்கு முன்னால் இந்தப் பகுதியை முழுக்கப் படியுங்கள்.

முதலில் சாறு எடுக்கும் வழி. காய்ந்த பாசித் தூள் ஒரு பங்குக்குக் குளிர்ந்த தண்ணீர் இருபது இருபத்தைந்து பங்கு. ஒரு ராத்திரி குளிர்பெட்டியில் இருக்கட்டும், இருட்டில், நடுவில் ஒன்றிரண்டு தடவை மெதுவாகக் கலக்கி. காலையில் அடியைக் கலக்காமல் மேல்நீரை வடித்து, காப்பி வடிதாளில் விட வேண்டும். ஈரப் பாசி என்றால் முதலில் உறைய வைத்து, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் உருக விட்டு, மறுபடி உறைய வைத்து உருக்க வேண்டும். பனி பாசியின் சுவரைக் கிழித்து நீலத்தை விடுவிக்கும்.

சாறு பச்சை என்றால்: பைக்கோசயனின் தண்ணீரில் கரையும், பச்சையம் கரையாது. ஆகவே சாறு பச்சையாக இருந்தால் அதில் பாசித் துணுக்குகள் மிதக்கின்றன. மிக்சியில் அடித்தவர்களுக்கு இது கட்டாயம் வரும், துணுக்குகள் அவ்வளவு பொடியாகிவிடும். இன்னொரு ராத்திரி குளிரில் அசையாமல் வையுங்கள், மேல்பகுதி தெளியும். தெளியாவிட்டால் இரட்டை வடிதாள். அதற்கும் தெளியாவிட்டால் மையவிலக்கு இயந்திரம்தான், அது செலவு. விற்கும் அளவுக்கு எடுப்பவர்கள் மட்டும் அதை யோசித்தால் போதும்.

சாறு சாம்பல் என்றால்: எங்கேயோ சூடு பட்டிருக்கிறது. தூளை முகர்ந்து பாருங்கள். நல்ல தூளில் கடல்பாசி வாசம் இருக்கும், நிறம் கரும்பச்சை. வைக்கோல் வாசமும் மங்கின காக்கி நிறமும் இருந்தால் காயவைத்ததில் தவறு. தகரக் கூரை மேல் நேர் வெயிலில் பரப்பியிருப்பார்கள். வெயிலும் சூடும் சேர்ந்து நீலத்தைத் தின்றுவிடும். நிழலில், மெல்லிய இழையாகப் பிழிந்து, விசிறிக் காற்றில், 45 டிகிரிக்கு மேல் போகாமல் காயவையுங்கள். நம்மூர் ஈரக்காற்றில் இது இழுத்துக்கொண்டு போனால் பாசி புளித்துவிடும். சாயத்துக்காகவே வளர்ப்பவர்கள் காயவைக்கவே வேண்டாம், பிழிந்த உடனே உறையவைத்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து. மின்சாரச் செலவு கொஞ்சம் கூடும், நீலம் தங்கும்.

சாறு நீலமாகத் தெரிகிறது, ஆனால் நல்லதா என்று சந்தேகம் என்றால்: அறையை இருட்டாக்கி, கண்ணாடிக் குவளையில் சாற்றை ஊற்றி, கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். எதிரே நின்று பார்த்தால் நீலம், டார்ச் பக்கமிருந்து பார்த்தால் உள்ளே இரத்தச் சிவப்பாக ஒளிரும். பைக்கோசயனின் உயிர்ப்போடு இருக்கும்வரை இந்தச் சிவப்பு இருக்கும். அதே சாற்றில் கொஞ்சம் எடுத்துக் கொதிக்க வைத்து, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிவப்பு போயிருக்கும். வித்தியாசத்தை ஒரு தடவை பார்த்தவர் மறக்க மாட்டார். சாறு அடர்த்தியாக இருந்தால் தண்ணீர் கலந்து பாருங்கள், இல்லாவிட்டால் சிவப்பு தெரியாது.

ஆளைக் கூப்பிடும் கட்டம்: வாங்குபவர் தரம் என்ன என்று எண்ணிக்கையில் கேட்கும்போது. ஆய்வகத்தில் நிறமாலைமானி வைத்து 620, 652 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளப்பார்கள். 652-இன் அளவை 0.474-ஆல் பெருக்கி, 620-இன் அளவிலிருந்து கழித்து, 5.34-ஆல் வகுத்தால் மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வரும். 620-இன் அளவை 280 நானோமீட்டரில் எடுத்த அளவால் வகுத்தால் தூய்மை. 0.7 வந்தால் உணவுக்குப் போதுமான தரம் என்பார்கள். 4-க்கு மேல் என்பது ஆய்வகங்களுக்கான தரம், வீட்டில் அதைத் துரத்த வேண்டாம்.

அறிகுறி 6: சாறு நல்ல நீலம், பலகாரத்தில் போட்டால் மறைகிறது

மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு சூட்டில் போட்டீர்கள், புளிப்பு இருக்கிறதா, எங்கே வைத்தீர்கள்?

அகார் அகாரைக் கொதிக்கும்போதே நீலம் விட்டால் போச்சு. அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்து, உறையத் தொடங்கும் முன்னால் விட்டுக் கலக்குங்கள், 45 டிகிரிக்குப் பக்கம். நேரம் குறுகலானது, அச்சு எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். தீபாவளித் தேங்காய் மிட்டாய்க்கு இது ஒத்துவராது. பாகு காய்ச்சும் சூட்டில் நீலம் நிற்காது, ஆறிய பிறகோ கலக்க முடியாது. மிட்டாய் மேல் பூசும் ஐசிங்கில் போட்டால் அழகாக நிற்கும், சர்க்கரை அதிகமாக இருப்பதும் நீலத்துக்குக் கொஞ்சம் பாதுகாப்பு.

எலுமிச்சை, 'ஆசாம் போய்' (புளிப்புப் பிளம்) பானங்களில் போட வேண்டாம். பிஎச் 4-க்குக் கீழே நீலம் திரிந்து, திட்டுத் திட்டாக அடியில் இறங்கும். சங்குப்பூ நீலம் பழகியவர்கள் இதில் ஏமாறுவார்கள். அது எலுமிச்சை பட்டால் ஊதாவாக மாறும், நம்முடையது மாறாது, கெட்டுப்போகும். 5.5 முதல் 6 வரை இதற்கு நிம்மதியான பிஎச். பால், தேங்காய்ப்பால், ஐஸ்கிரீம், கேக் கிரீம் எல்லாம் நல்ல பொருத்தம்.

கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் வைத்தது மங்கினால் வெளிச்சம்தான் காரணம். மூடிய டப்பாவில் வையுங்கள்.

சாறு வெறும் புரதத் தண்ணீர். வெளியில் வைத்தால் சீக்கிரம் கெடும், குளிர்பெட்டியிலும் சில நாள்தான். ஐஸ் தட்டில் கட்டி கட்டியாக உறையவைத்து, வேண்டும்போது ஒன்றிரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நாற்றமடித்தால் நிறம் நன்றாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

அமெரிக்காவில் 2013-இல் ஸ்பைருலினா சாற்றை மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் நிறமாக அனுமதித்தார்கள். அதை வைத்து இங்கேயும் விற்கலாம் என்று நினைக்க வேண்டாம். மலேசியாவில் 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளும்தான் கணக்கு. சொந்த வீட்டுக்கு மேல் ஒரு போத்தல் விற்க நினைத்தாலும் முதலில் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். இது பிழை நீக்கும் விஷயம் இல்லைதான், ஆனால் இதில் தடுக்கி விழுந்தால் எந்தச் சோதனையும் தூக்கிவிடாது.

ஆய்வகத்துக்கு எடுத்துப் போகும்போது

இரண்டு மாதிரி வேண்டும்: தொட்டித் தண்ணீர் அரை லிட்டர், சாறு ஒரு சிறு போத்தல். தொட்டித் தண்ணீரை உறையவைக்காதீர்கள், அறை வெப்பத்தில், மேலே கொஞ்சம் காற்று விட்டு எடுத்துப் போங்கள். சாற்றுப் போத்தலை அலுமினியத் தாளில் சுற்றி ஐஸ் பெட்டியில் வையுங்கள். காலையில் எடுத்த மாதிரி அன்று மத்தியானத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கூடவே நோட்டிலிருந்து கடைசி இரண்டு வாரத்துப் பிஎச், மதிய வெப்பம், மழை, போட்ட உப்பின் எடை எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாள் இல்லாமல் போனால் அங்கிருப்பவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.